வகுப்பில் படித்த கதை வீட்டில் சண்டையானால்: ஒரு தமிழாசிரியைக்கு ஆலோசகரின் பதில்

இந்த வாரக் கடிதத்தை எழுதியிருப்பவர் மலேசியாவின் கெடா மாநிலத்தில் ஒரு தோட்ட நகரத்து இடைநிலைப்பள்ளியில் பணிபுரியும் தமிழாசிரியை. ஊரையும் ஆட்களையும் அடையாளம் காட்டும் விவரங்களை நீக்கிவிட்டு, விஷயத்தை மட்டும் சுருக்கித் தருகிறேன்.

அவரிடம் படிவம் 2-இல் 22 தமிழ் மாணவர்கள் இருக்கிறார்கள். வெவ்வேறு வகுப்புகளில் படிப்பவர்கள், தமிழ்ப் பாடத்துக்கு மட்டும் ஒன்றுசேர்கிறார்கள். வாரத்தில் ஒரு பாடவேளையை அவர் இலக்கியத்துக்கு வைத்திருக்கிறார். பாடநூலில் உள்ள செய்யுளும் திருக்குறளும் போக, மலேசியச் சிறுகதை ஒன்றையும் நகலெடுத்துக் கொடுத்தார். பழைய ரப்பர் தோட்டத்து லயம் (தொழிலாளர்களின் வரிசை வீடுகள்), கள்ளுக்கடை, குடித்துவிட்டு வந்து மனைவியை அடிக்கும் ஒரு பால்மரத் தொழிலாளி, அதையெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கும் மகள், இதுதான் கதை. ஒரு மாணவனின் தந்தை அதைப் படித்துவிட்டுப் பெற்றோர் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் குரல் பதிவு போட்டுவிட்டார்: "தோட்டத்து ஆளுங்கன்னா குடிகாரனுங்க மட்டும்தானா? என் பிள்ளைக்கு இதைத்தான் சொல்லிக் கொடுப்பீங்களா?" இரவோடு இரவாகக் குழுவே பற்றிக்கொண்டது. சிலர் அவர் பக்கம் பேசினார்கள். ஒருவர், "இதெல்லாம் பரீட்சையில வருமா?" என்று கேட்டார். மறுநாள் முதல்வர் ஆசிரியையைக் கூப்பிட்டு, "இனிமேல் வகுப்பில் நடக்கிற எல்லாவற்றையும் பெற்றோருக்குத் தெரியப்படுத்திவிடுங்கள்" என்று சொல்லிவிட்டார்.

ஆசிரியையும் அதற்குத் தயாரானார். வாரப் பாடத்திட்டம், வெண்பலகைப் படம், மாணவர் ஒவ்வொருவரின் வாசிப்பு நோட்டுப் பக்கமும் குழுவில் போவதாகத் திட்டம். படம் எடுக்க நோட்டுகளைப் புரட்டும்போது ஒரு மாணவி எழுதியிருந்த வரி கண்ணில் பட்டது: "இந்தக் கதையில வர்ற அப்பா எங்க வீட்டுலயும் இருக்காரு. கதையில பக்கத்து வீட்டு ஆயா வந்து கதவத் தட்டுறாங்க. எங்க வீட்டுக் கதவ யாரும் தட்டல." நோட்டைத் தன்னைத் தவிர யாரும் படிக்கமாட்டார்கள் என்று வகுப்பில் வாக்குக் கொடுத்திருந்தாராம்.

அவர் கேட்பவை: பெற்றோரிடம் எவ்வளவு சொல்வது? கதையை நிறுத்திவிடலாமா? அந்த மாணவியின் அம்மாவிடம் பேசலாமா? கடைசியில் ஒரு ஆதங்கமும் இருக்கிறது: "இங்குள்ள பெற்றோருக்கு இலக்கியத்தில் அக்கறையே இல்லை. கூட்டத்துக்கு நான்கு பேர் வந்தால் அதிசயம். குறை சொல்ல மட்டும் வந்துவிடுகிறார்கள்."

அன்புள்ள ஆசிரியைக்கு,

கடிதத்தில் நீங்கள் குழுச் சண்டையைப் பற்றி நிறைய எழுதிவிட்டு, மாணவியின் வரியைக் கடைசிப் பத்தியில் வைத்திருக்கிறீர்கள். நான் அங்கிருந்துதான் தொடங்குவேன். சண்டை ஒரு வாரம் பொறுக்கும்.

முதலில் அந்தப் பிள்ளை

14 வயதுப் பிள்ளை ஒரு கதையைச் சாக்காக வைத்து உங்களிடம் வந்து சொல்லியிருக்கிறது. அப்படித்தான் இருக்கும் என்று முடிவு கட்டாதீர்கள். கற்பனையாக இருக்கும் என்று ஒதுக்கியும் விடாதீர்கள். தனியாக, ஆனால் பிறர் பார்வை படும் இடத்தில் அவளோடு உட்காருங்கள். "நீ எழுதினதைப் படிச்சேன். அதைப் பத்திப் பேசணும்னா நான் இருக்கேன்" என்று சொன்னால் போதும். "அப்பா அடிப்பாரா? எப்போ? எதால?" என்று அடுக்கக் கூடாது. அவள் சொல்வதை அவள் சொன்ன வார்த்தைகளிலேயே பிறகு தேதியோடு குறித்து வையுங்கள். விசாரிப்பது உங்கள் வேலையில்லை. அதற்கென்று ஆட்கள் இருக்கிறார்கள், நீங்கள் கேள்வி கேட்டுக் கேட்டு அவள் நினைவைக் கலைத்துவிட்டால் அவர்களுடைய வேலைதான் கடினமாகும்.

உங்கள் வாக்கைப் பற்றி. நீங்கள் நினைப்பதுபோல அது உங்களை வாய்திறக்க முடியாமல் கட்டிப்போடாது. 1998-ஆம் ஆண்டு ஆலோசகர் சட்டத்தின்கீழ் பதிவுபெற்ற எங்களைப் போன்றவர்களுக்கே இரகசியம் காப்பதற்கு ஒரு எல்லை உண்டு. ஓர் உயிருக்கோ உடலுக்கோ ஆபத்து என்று தெரிந்தால் அந்த எல்லை வந்துவிடும். அதுவுமில்லாமல் பள்ளி நோட்டு என்றைக்கு ஒருவர் கண்ணோடு நின்றிருக்கிறது? பணித்தியத் தலைவர், அதாவது தமிழ்ப் பாடக் குழுவின் தலைவர், பார்ப்பார், நோட்டுச் சோதனைக்குத் துணைமுதல்வர் கேட்பார். ஆகவே அந்தப் பிள்ளையிடம் நேராகச் சொல்லிவிடுங்கள்: "நீ எழுதினதை வகுப்புல யாருக்கும் காட்டமாட்டேன். ஆனா உனக்கோ அம்மாவுக்கோ ஆபத்து இருக்குன்னா, உதவி செய்யக்கூடிய ஒருத்தர்கிட்ட சொல்லித்தான் ஆகணும். யார்கிட்ட சொல்றேன்னு உன்கிட்ட முதல்ல சொல்லிடுவேன்." இதைக் கேட்டால் பிள்ளைகள் பயப்படுவார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். என் அனுபவத்தில் அவர்கள் பயப்படுவது, தெரியாமல் சொல்லிவிடுவார்களோ என்பதற்குத்தான்.

அவள் சொல்வதில் அடி, மிரட்டல், பயம் என்று எது இருந்தாலும் அன்றைக்கே பள்ளி ஆலோசகரிடமும் முதல்வரிடமும் போங்கள். 2001-ஆம் ஆண்டு சிறார் சட்டம் உடலில் படும் காயத்தோடு மனத்தில் படும் காயத்தையும் கணக்கில் எடுக்கிறது. பள்ளி தயங்கினாலும் சமூகநலத் துறையை அணுகலாம். தாலியான் காசே (Talian Kasih) என்ற உதவித் தொலைபேசியின் 15999 எண் 24 மணி நேரமும் இயங்குகிறது. பேச்சில் பாலியல் தொடர்பாக ஏதாவது வந்தால் நிலைமை வேறு. சிறார்களுக்கு எதிரான பாலியல் குற்றச் சட்டம், 2017, தெரிந்தும் தகவல் கொடுக்காமல் இருப்பதையே குற்றமாக வைத்திருக்கிறது. அது எல்லாருக்கும் பொருந்தும். அங்கே "குடும்ப மானம்", "பள்ளியின் பேர்" என்று யார் சமாதானம் சொன்னாலும் கேட்காதீர்கள்.

அம்மாவிடம் பேசலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பேசலாம், ஆனால் நீங்களாகத் தனியாகப் போய் வேண்டாம், கைப்பேசியில் வேண்டவே வேண்டாம். நம் வீடுகளில் ஒரு கைப்பேசியைக் கணவன், மனைவி, பிள்ளை என்று மூன்று பேர் எடுப்பார்கள். நீங்கள் அம்மாவுக்கு அனுப்பும் குறுஞ்செய்தியை முதலில் படிப்பவர் யார் என்று உங்களுக்குத் தெரியாது. பள்ளி ஆலோசகர் வேறு ஏதாவது காரணம் சொல்லி அம்மாவைப் பள்ளிக்கு வரவழைத்து நேரில் பேசட்டும். அம்மாவுக்கும் அடி விழுகிறது என்றால் அவருக்கென்றே 1994-ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டம் இருக்கிறது. பாதுகாப்பு ஆணை கேட்கலாம். காயம் இருந்தால் அரசு மருத்துவமனை அவசரப் பிரிவில் இதற்கென்றே தனியாகக் கவனிக்கும் ஏற்பாடு உண்டு. உடனே வீட்டை விட்டு வெளியேறச் சொல்லி யாரும் வற்புறுத்த வேண்டாம். எப்போது, எப்படி என்பது அவருக்குத்தான் தெரியும்.

இன்னொன்று. அவள் நோட்டில் இந்த வரி இருப்பது தெரிந்த பிறகும் மற்ற 21 நோட்டுகளைப் படமெடுத்துப் போட்டுவிட்டு இவளுடையதை மட்டும் விட்டுவிட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். "என் மகளோட நோட்டு மட்டும் ஏன் இல்ல?" என்று அந்த வீட்டில் கேள்வி எழும். அதனால் யாருடைய நோட்டும் குழுவுக்குப் போகக் கூடாது.

கோபப்பட்ட அப்பாவைப் பற்றி

அவர் குரல் பதிவை நீங்கள் எழுத்தில் அப்படியே தந்திருப்பது உதவியாக இருக்கிறது. நீங்கள் அதை இலக்கியத்துக்கு எதிரான பேச்சாக எடுத்துக்கொண்டீர்கள். எனக்கு அது நேர்மாறாகக் கேட்கிறது. அவர் கதையைப் படித்திருக்கிறார். 22 வீடுகளில் எத்தனை வீட்டில் படித்திருப்பார்கள்? படித்ததோடு விடாமல், ஒரு விமர்சகர் கேட்கவேண்டிய கேள்வியையும் கேட்டிருக்கிறார்: தோட்டத்து மனிதனை ஏன் எப்போதும் குடிகாரனாகவே எழுதுகிறார்கள்? நாடகத்தில், தொலைக்காட்சியில், நகரத்துப் பேச்சில் எங்கே பார்த்தாலும் தோட்டத்தான் என்றால் கள்ளும் சண்டையும்தான். ஐம்பது வயதுக்கு மேல் அதைக் கேட்டுக் கேட்டு நொந்துபோன ஒருவர், அதையே பிள்ளையின் பள்ளிப்பையிலும் பார்த்தால் சும்மா இருப்பாரா? அவர் பேசிய இடம் தவறு, தொனி தவறு. கேள்வி தவறில்லை.

அதற்கு உங்களிடம் நல்ல பதில் இருக்கிறது, அதுவும் உங்கள் மாநிலத்திலேயே. 1947-இல் பீடோங் பக்கத்து ஹார்வார்ட் தோட்டத்தில் தொண்டர் படை என்ற சீர்திருத்த அமைப்பைச் சேர்ந்த தொழிலாளர்கள் கள்ளுக்கடைக்கு முன்னால் மறியல் செய்தார்கள். போலீஸ் வந்தது, பலர் கைதானார்கள். அதற்கும் முன்பு, 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்ட வேலைநிறுத்தத்தின்போது தொழிலாளர்கள் வைத்த கோரிக்கைகளில் கள்ளுக்கடைகளை மூடவேண்டும் என்பதும் ஒன்று. கூலி உயர்வு, பிள்ளைகளுக்கு முறையான பள்ளி, துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கும் வழக்கத்துக்கு முடிவு, இவற்றோடு சேர்த்துத்தான் அதையும் கேட்டார்கள். குடித்தவனும் தோட்டத்தான், கடையை மூடச்சொல்லித் தடியடி வாங்கத் துணிந்தவனும் தோட்டத்தான். உங்கள் கதை முதல் ஆளை மட்டும் காட்டுகிறது. சிறுகதையில் அவ்வளவுதான் முடியும், அது கதையின் குற்றமில்லை. ஆனால் வகுப்பில் இரண்டாவது ஆளும் வரவேண்டும். அவர் இல்லாமல் அந்தக் கதையை நடத்தினால், அப்பா சொன்னது பாதி உண்மையாகிவிடும்.

அவரைக் கூப்பிட்டுப் பேசுங்கள். குழுவில் வேண்டாம், நேரில். முடியாவிட்டால் அழைப்பில். விளக்கம் கொடுக்க ஆரம்பிக்காமல் முதலில், "ஐயா, நீங்க கேட்ட கேள்வியை வகுப்புலயும் வைக்கலாம்னு நினைக்கிறேன்" என்று சொல்லிப் பாருங்கள். அப்புறம் 1947 பற்றிக் கேளுங்கள். பீடோங், சுங்கை பட்டாணி பக்கத்து வீடுகளில் தாத்தா பாட்டி வழியாக வந்த கதைகள் இன்னும் இருக்கலாம். அவர் வீட்டுப் பெரியவர் யாராவது ஒருவர் வகுப்புக்கு வந்து அரைமணி நேரம் பேச முடியுமானால் முதல்வரிடம் அனுமதி வாங்கி அழையுங்கள். அவர் மறுத்தாலும் பரவாயில்லை. கேட்டதே பாதி வேலையைச் செய்துவிடும்.

அப்போதும் "என் மகன் இந்தக் கதையைப் படிக்கக் கூடாது" என்று அவர் நின்றால்? பாடநூலில் உள்ளது என்றால் விலக்குக் கொடுக்க உங்களுக்கும் அதிகாரமில்லை, அவருக்கும் உரிமையில்லை. இது நீங்களாகச் சேர்த்த கூடுதல் கதை, அதனால் விட்டுக்கொடுக்கலாம். அந்தப் பையனுக்கு அதே நோக்கத்தில் வேறு கதை ஒன்றைக் கொடுங்கள். நூலகத்துக்கு அனுப்பி உட்கார வைக்காதீர்கள், மற்றவர்கள் முன்னால் காரணமும் சொல்லாதீர்கள். அப்பா போட்ட சண்டைக்குப் பிள்ளை வெட்கப்படக் கூடாது.

தெரிவிப்பது என்றால் அனுமதி கேட்பதா?

உங்கள் கடிதம் முழுக்க இந்த இரண்டும் கலந்து கிடக்கின்றன. "இதை அவர்களிடம் சொன்னால் ஒத்துக்கொள்ளமாட்டார்களே" என்று மூன்று இடங்களில் எழுதியிருக்கிறீர்கள். பாடம் என்ன, என்ன வாசிக்கிறோம், ஏன், எப்படி மதிப்பிடுவோம் என்பதைப் பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டும், நீங்களும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு கதைக்கும் அவர்கள் ஓட்டுப் போடவேண்டியதில்லை. கூடுதல் வாசிப்புக்குப் பொறுப்பு உங்களுடையதும் பணித்தியத் தலைவருடையதும்தான். நீங்கள் கதையைத் தனியாகத் தேர்ந்தெடுத்து, தனியாக நகலெடுத்து, தனியாக மாட்டிக்கொண்டீர்கள். அடுத்த முறை பட்டியலைப் பணித்தியக் கூட்டத்தில் வைத்து, குறிப்பில் ஏற்றிவிடுங்கள். பிறகு எந்த அப்பா கேட்டாலும் "பள்ளி தேர்ந்தெடுத்தது" என்று சொல்லலாம், முதல்வரும் உங்களுக்குப் பின்னால் நிற்பார்.

இதற்காகப் பெற்றோரை வெளியாளாக நினைத்துவிடவும் வேண்டாம். 1996-ஆம் ஆண்டு கல்விச் சட்டத்தின்படி, தேசியப் பள்ளியில் குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டால்தான் தமிழ் கற்பிக்க வசதி செய்து தரவேண்டும். உங்களிடம் 22 பேர். எட்டு வீட்டில், "தமிழ் வேணாம், வேற பாடத்துல கவனம் செலுத்தட்டும்" என்று முடிவெடுத்தால் எண்ணிக்கை 14. ஐந்தாம் படிவப் பொதுத்தேர்வான எஸ்பிஎம்-இல் தமிழ் எடுத்தால் ஏ எண்ணிக்கை குறைந்துவிடும் என்ற பயம் ஏற்கெனவே எல்லா வீட்டிலும் சுற்றிக்கொண்டிருக்கிறது. பெற்றோரின் நம்பிக்கைதான் உங்கள் வகுப்பையே தாங்குகிறது என்பதை மறந்துவிடாதீர்கள்.

"பரீட்சையில வருமா?" என்ற கேள்விக்கு ஏளனமாகப் பதில் சொல்லவும் கூடாது. 2022-இல் மூன்றாம் படிவத் தேர்வான பிடி3 ரத்தானதிலிருந்து இடைநிலைப்பள்ளிக் கீழ்ப்படிவங்களில் பிள்ளை எங்கே நிற்கிறது என்று பெற்றோருக்கு உண்மையிலேயே தெரியவில்லை. வகுப்பறை மதிப்பீட்டில் "அடைவுநிலை 3" என்று பார்த்ததும் ஆறுக்கு மூன்று, ஐம்பது விழுக்காடு என்று கணக்குப் போடுகிறார்கள். 3 என்பது குறைந்தபட்சத் தேர்ச்சி, அதற்கு மேல் 4, 5, 6 எல்லாம் பிள்ளை தானாக யோசித்துச் செய்வதைக் காட்டுகின்றன என்று யாரும் அவர்களுக்கு விளக்கவில்லை. கதை வாசித்து ஒரு பாத்திரத்தைப் பற்றிச் சொந்தமாக நான்கு வரி எழுதுவது அந்த ஏணியில் எங்கே வருகிறது என்று ஒருமுறை காட்டுங்கள். பாதிக் கேள்விகள் அங்கேயே அடங்கிவிடும்.

குழுவில் என்ன போடலாம்

பாடத்திட்டத்தைப் பிடிஎஃப்பாகப் போடுவதால் யாருக்கும் ஒன்றும் தெரியப்போவதில்லை. நீலக் குறி விழும், அவ்வளவுதான். உங்கள் பெற்றோரில் சிலர் தமிழ்ப்பள்ளியில் படித்தவர்கள், தமிழை நன்றாக வாசிப்பார்கள். சிலர் மலாயில் படித்தவர்கள், தமிழைப் பேசுவார்கள் ஆனால் எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பார்கள். வீட்டில் தாத்தாவோ பாட்டியோதான் தமிழ் நாளிதழ் படிப்பவராகக்கூட இருக்கலாம். எல்லாருக்கும் பொதுவானது காது. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, ஒன்றரை நிமிடத்துக்கு மிகாத குரல் பதிவு. இப்படி:

"வணக்கம், நான் தமிழ் டீச்சர் பேசுறேன். வர்ற ரெண்டு வாரம் இலக்கியப் பாடத்துல ஒரு சிறுகதை வாசிக்கப் போறோம். அந்தக் காலத்துத் தோட்டத்துல நடக்குற கதை. குடிச்சிட்டு வந்து வீட்டுல சண்டை போடுற காட்சி ஒண்ணு அதுல இருக்கு, அதை முன்கூட்டியே சொல்லிடுறேன். அந்த மனுஷன் ஏன் அப்படி ஆனாரு, சுத்தி இருந்தவங்க என்ன செஞ்சாங்கன்னு பிள்ளைங்க யோசிச்சு எழுதணும். நம்ம தோட்ட ஜனங்களே கள்ளுக்கடையை எதிர்த்துப் போராடின வரலாறையும் சேர்த்துப் பார்ப்போம். கதை நகல் பிள்ளைங்க பையில இருக்கு, நீங்களும் படிங்க. ஏதாவது கேக்கணும்னா எனக்குத் தனியா கோல் பண்ணுங்க, ராத்திரி எட்டரைக்குள்ள."

கடினமான காட்சி ஒன்று வரப்போகிறது என்றால் வகுப்புக்கு முன்னால் சொல்லிவிட வேண்டும். பிள்ளை வாயிலிருந்து தெரிந்தால் அப்பாவுக்குச் செய்தி, உங்கள் வாயிலிருந்து தெரிந்தால் தகவல். அப்புறம், குழுவை நிர்வாகி மட்டும் பதிவிடும்படி மாற்றிவிடுங்கள். விவாதத்துக்கு வேறு இடம் இருக்கிறது. ஒருவரை எல்லார் முன்னாலும் பதில் சொல்ல வைத்தால் அவர் இறங்கி வரமாட்டார், நீங்களும் மாட்டீர்கள்.

மாணவர் பெயரோடு மதிப்பெண், யார் வீட்டுப்பாடம் செய்யவில்லை என்ற பட்டியல், நோட்டுப் படம், வகுப்பில் அழுத பிள்ளையின் படம் (சிரிக்காதீர்கள், நான் பார்த்திருக்கிறேன்), இவை எதுவும் குழுவுக்கு வரவே கூடாது. தன் பிள்ளை எழுதியதைப் பார்க்கவேண்டும் என்று ஒரு பெற்றோர் கேட்டால் அது நியாயமான ஆசை. திருத்தி முடித்த கட்டுரையை வீட்டுக்கு அனுப்புங்கள், கையொப்பம் வாங்கி வரச் சொல்லுங்கள். மனத்தில் பட்டதைக் கிறுக்கும் வாசிப்பு நோட்டு பள்ளியிலேயே இருக்கட்டும். அதை யார் யார் பார்க்கக்கூடும் என்று ஆண்டுத் தொடக்கத்திலேயே பிள்ளைகளிடம் உண்மையைச் சொல்லிவிட்டால், எதை அதில் எழுதலாம் என்று அவர்களே முடிவு செய்துகொள்வார்கள்.

முதல்வர் சொன்ன "எல்லாவற்றையும்" என்ற சொல்லை நீங்கள் எழுத்துப்படி எடுத்துக்கொண்டீர்கள் என்று நினைக்கிறேன். அவருக்கு வேண்டியது மறுபடி புகார் வரக்கூடாது என்பதுதான். ஒரு பக்கத்தில் எழுதிக் கொண்டுபோங்கள்: என்ன வாசிக்கிறோம், எப்போது, ஏன், எப்படி மதிப்பிடுவோம் என்பதை முன்கூட்டியே தெரிவிப்பேன், தனிப்பட்ட மாணவரைப் பற்றிய எதையும் அந்தந்தப் பெற்றோரிடம் மட்டும் பேசுவேன். அவர் கையெழுத்திட்டுவிட்டால் உங்களுக்கும் பாதுகாப்பு.

"அக்கறை இல்லை" என்று நீங்கள் எழுதியது

இதில் உங்களோடு நான் ஒத்துப்போகவில்லை. கெடாவில் பள்ளி விடுமுறை வெள்ளியும் சனியும். நீங்கள் கூட்டத்தைச் சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு வைக்கிறீர்கள். உங்கள் ஊர்ப் பெற்றோரில் தோட்டத்தில் வேலை செய்பவர்கள் இப்போது கொஞ்சம் பேர்தான் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். செம்பனைக் காட்டில் பெரும்பாலும் வெளிநாட்டுத் தொழிலாளர்கள்; நம்மவர்கள் கூலிம், சுங்கை பட்டாணி தொழிற்சாலைகளுக்குக் கம்பெனி பஸ்ஸில் போகிறார்கள். காலை ஏழு மணிக்கு உள்ளே போனால் இரவு ஏழு மணிக்கு வெளியே வரும் ஷிப்ட். இரவு ஷிப்ட் முடித்துச் சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு வீடு வந்து சேர்ந்த அம்மா, ஒன்பது மணிக்குப் பள்ளி மண்டபத்தில் உட்கார்ந்து மலாயில் நடக்கும் இரண்டு மணி நேரக் கூட்டத்தைக் கேட்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். அவர் வராததற்குப் பெயர் தூக்கம்.

பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டம் அது பாட்டுக்கு நடக்கட்டும். தமிழ் வகுப்புக்கென்று தனியாக, ஆண்டுக்கு இரண்டு தடவை போதும். பள்ளியில்தான் வைக்கவேண்டும் என்றில்லை. பழைய தோட்டத்து மாரியம்மன் கோயிலில் வெள்ளிக்கிழமை மாலைப் பூசைக்கு வீடு மாறிப் போனவர்களும் வருவார்கள் என்றால், முதல்வரிடம் சொல்லிவிட்டு, கோயில் தலைவரிடம் கேட்டு, பூசை முடிந்ததும் கால்மணி நேரம் வாங்குங்கள். இரண்டு மாணவர்கள் ஒரு செய்யுளைப் பாடட்டும், ஒருத்தி கதையின் ஒரு பத்தியை வாசிக்கட்டும். அடைவுநிலையை அங்கே விளக்குங்கள். பாட்டிகள் நிறையப் பேர் இருப்பார்கள். அவர்கள்தான் உங்களுக்கு நல்ல துணை; தோட்டத்துக் கதை என்றால் அவர்களுக்குச் சொல்ல நிறைய இருக்கும்.

லயத்தில் இருந்த காலத்தில் ஒரு வீட்டுச் சத்தம் அடுத்த வீட்டுக்குக் கேட்டது. பலகைச் சுவர், கேட்காமல் எப்படி இருக்கும்? தோட்டத்தை மூடி ஆட்களைத் தாமானுக்கும் (குடியிருப்புப் பகுதிக்கும்) அடுக்குமாடிக்கும் அனுப்பியபோது கல்சுவரும் இரும்புக் கதவும் கிடைத்தன, அக்கம்பக்கம் போனது. இந்த மாற்றத்தை மாணவர்கள் தங்கள் பாட்டிகளிடம் கேட்டு எழுதினாலே நல்ல பாடம் ஆகும். ஆனால் இந்த வாரம் அந்த வேலையைக் கொடுக்காதீர்கள். அந்த ஒரு வரியை எழுதிய பிள்ளை அதே வகுப்பில் உட்கார்ந்திருக்கிறாள், தன்னை வைத்துத்தான் பாடம் நடக்கிறது என்று நினைத்துவிடுவாள்.

கதையை நிறுத்தலாமா என்று கேட்டீர்கள். வேண்டாம். பாதியில் நிறுத்தினால் அப்பா ஜெயித்துவிட்டார் என்று குழு சொல்லும். அதைவிட மோசம், எழுதினதால்தான் டீச்சர் கதையையே நிறுத்திட்டாங்க என்று அந்த மாணவி நினைப்பாள். ஒரு வாரம் இடைவெளி விட்டு, செய்யுள் ஒன்றை நடத்திவிட்டு, 1941-ஐயும் 1947-ஐயும் சேர்த்துக்கொண்டு மீண்டும் அதே கதைக்கு வாருங்கள்.

எந்த வரிசை என்று குழம்ப வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை பள்ளி திறந்ததும் மாணவியிடம் பேசிவிட்டு, தேவையானால் அன்றே பள்ளி ஆலோசகரிடம் போங்கள். திங்கள்கிழமை முதல்வரிடம் அந்த ஒரு பக்கத் தாள். அந்த அப்பாவை அழைப்பது அதற்கப்புறம், அவருடைய ஷிப்ட் எது என்று மகனிடம் கேட்டுக்கொண்டு. குழுவுக்கு அதுவரை ஒரே ஒரு பதிவு: "உங்கள் கருத்துகளைக் கேட்டேன். அடுத்த வாரம் பதில் சொல்கிறேன்." மாணவி பேசிய பிறகு என்ன நடந்தது என்று முடிந்தால் எனக்கு எழுதுங்கள், பெயர் எதுவும் வேண்டாம்.